தையல் அக்காவின் விவாகரத்துப் பத்திரம்

பதினான்கு வருடங்களாகத் தனக்கு விவாகரத்து ஆகிவிட்டது என்றே தையல் அக்கா நம்பிக்கொண்டிருந்தாள். ஆகவில்லை என்று அவளிடம் சொன்னது, விசா அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண். அவளுக்கு வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, பென்சிலால் ஓரத்தில் சின்னதாகச் சரி போட்டுக்கொண்டே வந்தவள், நீதிமன்ற முத்திரை குத்திய அந்த ஒற்றைத் தாளில் நின்றுவிட்டாள்.

“இதுல இடைக்காலத் தீர்ப்புன்னு போட்டிருக்கும்மா. இறுதித் தீர்ப்பு எங்க?”

அதுதான் தீர்ப்பு, வேறு தீர்ப்பு கிடையாது என்று தையல் அக்கா சொன்னாள். அந்தப் பெண் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு நாட்டுக்காரர்களும் என்னென்ன பத்திரம் தர வேண்டும், எதை ஏற்பார்கள், எதை ஏற்க மாட்டார்கள் என்ற பட்டியல் அதில் இருந்தது. இவளுடைய நாட்டுக்கு நேராக, விவாகரத்து என்ற தலைப்பின் கீழ், இடைக்காலத் தீர்ப்பு செல்லாது, இறுதித் தீர்ப்பின் சான்றளித்த நகல் மட்டுமே செல்லும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது.

“அப்படின்னா நான் இன்னும்...” என்று இழுத்தாள் தையல் அக்கா.

“சட்டப்படி கல்யாணம் ஆனவங்கதாம்மா” என்றாள் அந்தப் பெண், ஏதோ தானே தப்பு செய்துவிட்டதுபோலக் குரலைத் தாழ்த்தி. “நாலு மாசத்துக்குள்ள அந்தப் பேப்பரைக் கொண்டு வந்துடுங்க. அதுக்கு மேல போனா உங்க ஃபைலை மூடிடுவாங்க.”

வெளியே வந்து, கூட வந்திருந்த தங்கையோடு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். மூன்றாவது பேருந்தும் போன பிறகு தங்கை, “சரி, எழுந்திரு. செத்தா போயிட்டோம்?” என்றாள்.

தையல் அக்காவுக்கு வயது நாற்பத்தேழு. பெரிய மருத்துவமனை ஒன்றின் துணி அறையில் வேலை. கீழ்த்தளத்தில், சலவைக் கூடத்தை ஒட்டிய நீள அறை. இரண்டு தையல் இயந்திரங்கள், கூரை வரை அடுக்கிய விரிப்புகள், எந்நேரமும் சலவைச் சோடாவும் நீராவியும் கலந்த வாடை. கிழிந்த விரிப்புக்கு ஒட்டுப்போடுவது, அறுவை அறை அங்கிகளுக்கு நாடா தைப்பது, தலையணை உறைகளின் வாயை மடித்து அடிப்பது என்று இருபத்திரண்டு வருடங்களாக அதே நாற்காலி. பெரிய டாக்டர் முதல் வார்டு உதவியாளர் வரை எல்லோருக்கும் அவள் தையல் அக்காதான்.

இந்த விசாவுக்கு வித்திட்டதே ஒரு பைஜாமா. நான்கு வருடங்களுக்கு முன் சரக்குக் கப்பல் ஒன்றின் சமையற்காரர் கப்பலிலேயே வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டு, எலும்பு வார்டில் வந்து படுத்தார். கப்பல் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. மாவுக்கட்டுப் போட்ட காலில் மருத்துவமனைப் பைஜாமா ஏற மறுத்தது. நர்ஸ் கூப்பிட்டனுப்ப, தையல் அக்கா போய் அளவு பார்த்து, ஒரு பக்கத் தையலைப் பிரித்து, மேலிருந்து கீழாக ஆறு நாடா வைத்துக் கொடுத்தாள்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒரு காலுக்கு மட்டும் கதவு வெச்சிட்டீங்களே” என்றார்.

மறுநாள், கதவு சரியாகச் சாத்தவில்லை என்று சொல்லி அனுப்பினார். அதற்கடுத்த நாள் தாழ்ப்பாள் இறுகுகிறதாம். ஏழு வாரத்தில் அந்தப் பைஜாமாவுக்கு நடந்த பழுதுபார்ப்பைப் பார்த்து எலும்பு வார்டே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. தையல் அக்காவுக்கும் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் ஒவ்வொரு முறையும் ஊசி நூலோடு மூன்று மாடி ஏறினாள்.

மனைவியை இழந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். கடல் கடந்து குளிர்நாடு ஒன்றில் குடியுரிமை வாங்கி இருபது வருடம் ஆகிறது. ஆனால் வீட்டில் பேசியது இவள் பேசும் மொழியைத்தான். கால் சரியானதும் ஊர் போய்ச் சேர்ந்தார். கப்பலை விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் சேர்ந்தார். ஞாயிறுதோறும் போன் வந்தது. பிறகு தினமும் வந்தது. இரண்டு முறை நேரிலும் வந்து போனார். இரண்டாம் முறை வந்தபோது, “எனக்கு மறுபடி கால் உடையுற வரைக்கும் காத்திருக்கணுமா, இல்ல நீங்களே வந்துடறீங்களா?” என்று கேட்டார். தையல் அக்கா ஒரு வாரம் யோசித்தாள். யோசித்ததாகத்தான் சொல்லிக்கொண்டாள், மனம் முதல் நிமிடத்திலேயே மூட்டை கட்டிவிட்டிருந்தது.

அப்புறம் தொடங்கியது காகித வேட்டை. அவளை அங்கே வரவழைத்துக் கல்யாணம் செய்துகொள்ள அவர் மனுப் போட்டு, அது ஏற்கப்பட்டுக் கடிதமும் வந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தங்கை, பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். பிறப்புச் சான்றிதழில் சின்னது செல்லாதாம். பெற்றோர் பெயர் இரண்டும் உள்ள முழு நகல் வேண்டும். பதினாறு வயதுக்குப் பிறகு எந்த ஊரில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தாலும் அந்தந்த ஊர்ப் போலீசின் நற்சான்று வேண்டும். பதிவு அலுவலகத்தில் கால் கடுக்க நின்று வாங்கி வந்த பத்திரங்களைப் பரப்பிப் பார்த்தால், அவள் பெயர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருந்தது. ஒன்றில் ஒரு எழுத்து கூடுதல், ஒன்றில் ஒரு எழுத்துக் குறைவு. மூன்று பேரும் நானேதான் என்று ஒரு சத்தியக் கடிதம் எழுதி முத்திரை வாங்கினாள். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த கோப்புதான் இப்போது ஒற்றைத் தாளில் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

மறுநாளே அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, தங்கைக்குத் தெரிந்த வக்கீலம்மாவைப் போய்ப் பார்த்தாள். வக்கீலம்மா பழைய தீர்ப்பைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். இடைக்காலத் தீர்ப்பு கொடுத்து ஆறு மாதம் கழித்து, இரண்டு பேரில் ஒருவர் மறுபடி மனுப் போட்டால்தான் அது இறுதித் தீர்ப்பாகும். அதை யாரும் போடவில்லை. “முடிஞ்சது, நிம்மதியா போங்க” என்று அன்றைக்குச் சொன்ன அந்தப் பழைய வக்கீல், அடுத்த நாலாம் மாதம் மாரடைப்பில் போய்விட்டார். அவர் அலுவலகத்தைப் பூட்டினார்கள். கோப்பு மூட்டையில் கிடந்தது.

இப்போதும் போடலாம், ஆனால் இத்தனை வருடத் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்றார் வக்கீலம்மா. இடைக்காலத் தீர்ப்புக்குப் பிறகு இருவரும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழவில்லை என்று சத்தியக் கடிதம் தர வேண்டும். அவரும் வந்து அதையே சொன்னால் வேலை சீக்கிரம் முடியும்.

அவர் என்றால் போர்டுக்காரர். கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுபவர்.

இருபத்தைந்து வயதில் கல்யாணம். ஆறு வருடம் சேர்ந்திருந்தார்கள். அடித்துக்கொண்டு பிரியவில்லை. குடி, கூத்து என்று சொல்லவும் எதுவும் இல்லை. குழந்தை பிறக்கவில்லை, அதைப் பற்றி இருவரும் பேசவில்லை, பிறகு மெல்ல மெல்ல எதைப் பற்றியும் பேசவில்லை. வீட்டுக்குள் பேச்சு வற்றிப்போனது. ஒரு நாள் போர்டுக்காரர் தன் தூரிகைகளையும் இரண்டு சட்டைகளையும் எடுத்துக்கொண்டு கடைக்கு மேலிருந்த அறைக்குப் போனார். இவள் போகாதீர்கள் என்று சொல்லவும் இல்லை. இரண்டு வருடம் கழித்து இருவரும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள்.

கடையைக் கண்டுபிடிக்க வேண்டிய சிரமம் இருக்கவில்லை. அதே தெருவில், அதே மூலையில் இருந்தது. தூரிகையும் வண்ணக் குவளைகளும் போய், பிளாஸ்டிக் எழுத்து வெட்டும் இயந்திரம் வந்திருந்தது. போர்டுக்காரருக்கு முன்தலை வழுக்கை. ஒரு பல் மருத்துவரின் பலகைக்கு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, கையிலிருந்த எழுத்தைத் தப்பான இடத்தில் ஒட்டிவிட்டார்.

“உட்காரு” என்றார். உட்கார ஒரு நாற்காலிதான் இருந்தது. அதில் பசை டப்பா இருந்தது. அதை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அவள் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். கப்பல் சமையற்காரரைப் பற்றியும் சொன்னாள். போர்டுக்காரர் முகத்தில் முதலில் எதுவும் தெரியவில்லை. அப்புறம் ஒரு பக்க உதடு மட்டும் லேசாக விரிந்தது.

“அப்போ இத்தனை நாளும் நான் உன் புருஷனா?”

“பேப்பர்ல.”

“எனக்கே தெரியாமப் போச்சே” என்றார். அவர் வேடிக்கையாக எதையும் சொல்லி அவள் கேட்டதே இல்லை. சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார். எந்த நாள் வர வேண்டுமோ சொல், கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்றார்.

வக்கீலம்மாவின் அலுவலகத்தில் சத்தியக் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோதுதான் சிக்கல் வந்தது. தட்டச்சுக்கார அம்மா வரி வரியாகப் படித்துக் காட்டிக்கொண்டு வந்தார். “மேற்படி தீர்ப்புக்குப் பின் எதிர்மனுதாரர் என்னுடன் ஒரே கூரையின் கீழ் ஒருபோதும் தங்கவில்லை” என்ற வரி வந்ததும் தையல் அக்கா, “இல்லைங்க, தங்கினார்” என்றாள். விரல்கள் நின்றன. தங்கை திரும்பி அக்காவை முறைத்தாள்.

ஒன்பது நாள் தங்கினார். தீர்ப்பு வந்த இரண்டாவது மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூன்றாம் மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. வீட்டில் இரண்டு பெண்கள். யார் சொல்லிக் கேள்விப்பட்டாரோ, போர்டுக்காரர் அன்று மாலையே வந்து நின்றார். தினமும் காலையில் அப்பாவை முதுகில் சுமந்து படி இறங்கி, சிகிச்சைக்குக் கொண்டுபோய், மறுபடி சுமந்து ஏறினார். துடைத்துவிட்டார், சவரம் செய்துவிட்டார். ராத்திரி சமையலறைத் தரையில் படுத்துக்கொண்டார். அப்பா போன பிறகு செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டு, பத்தாம் நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். அழுகையிலும் அலைச்சலிலும் அவருக்கு ஒரு நன்றி சொன்னோமா இல்லையா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

“அது யாருக்குத் தெரியப்போகுது? எல்லாரும் தங்கலைன்னுதான் போடுவாங்க” என்றார் தட்டச்சுக்கார அம்மா. வக்கீலம்மா உள்ளறையிலிருந்து வந்தார். உண்மையை எழுதினால் ஆபத்து இல்லாமல் இல்லை என்று மறைக்காமல் சொன்னார். தங்கியது மறுபடி குடும்பம் நடத்தியதாகும் என்று நீதிபதி நினைத்துவிட்டால் பழைய தீர்ப்பே ரத்தாகும். புதிதாக வழக்குப் போட்டால் குறைந்தது இரண்டு வருடம் இழுக்கும். விசாக் கோப்பு அதுவரை தாங்காது. பொய் எழுதச் சொல்ல மாட்டேன், ஆனால் என்ன நடக்கலாம் என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

தையல் அக்கா போர்டுக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டாள். “தங்கலைன்னே எழுதிக்கோ. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல” என்றார் அவர்.

வருத்தம் இவளுக்குத்தான் வந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தங்கை திட்டிக்கொண்டே வந்தாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நல்ல காற்று அடிக்கிறது, அதையும் சன்னலைச் சாத்தி அனுப்பப் பார்க்கிறாய் என்றாள். மூன்றாம் மாடிப் படியில் பாதி ஏறும்போது தையல் அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இந்தப் படியிலதான அப்பாவைத் தூக்கிட்டு இறங்கினார்? அது நடக்கவே இல்லைன்னு என்னைக் கையெழுத்துப் போடச் சொல்றியா?”

வீட்டுக் கதவைத் திறந்ததும் தங்கை உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வரும்போது கண்கள் சிவந்திருந்தன. “நடந்ததையே எழுது” என்றாள்.

கப்பல் சமையற்காரரிடமும் அன்று மாலை எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது நாளையும் சொன்னாள். மறுமுனையில் பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அங்கே அப்போது மதியம், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை நடந்துகொண்டிருந்தது.

“இருங்க, அடுப்பைத் தணிச்சுட்டு வரேன்” என்றார் அவர். “ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷம். கப்பல்ல அதைவிட நீளமான பயணமெல்லாம் போயிருக்கேன். நீங்க உள்ளதை எழுதுங்க.” பிறகு, அந்த மனிதரைத் தனக்குப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்றும் சொன்னார்.

விசாரணைக்கு ஏழாவது வாரம் தேதி கிடைத்தது. குடும்ப நீதிமன்றம் இரண்டாம் மாடியில், பச்சை வண்ணம் உரிந்த கூடம். மின்விசிறி சத்தத்தில் பெயர் கூப்பிடுவது காதில் விழாமல் போய்விடுமோ என்று தங்கை கதவோரமே நின்றாள். போர்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில், நகத்தோரம் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். தையல் அக்கா பக்கத்தில் ஓர் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

நீதிபதி ஓர் அம்மா. ஜலதோஷத்தில் மூக்கு அடைத்திருந்தது. கைக்குட்டையும் கையுமாக இருந்தார். சத்தியக் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்று, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

நீதிபதி முதலில் போர்டுக்காரரைக் கூப்பிட்டார். பிரிந்த பிறகு அந்த வீட்டுக்கு ஏன் போனீர்கள் என்று கேட்டார்.

“மூணாவது மாடிங்க. லிஃப்ட் இல்ல. அவங்க வீட்ல தூக்க ஆள் இல்ல” என்றார் அவர். அதற்கு மேல் என்ன கேள்வி இருக்க முடியும் என்பதுபோல நின்றார்.

“எங்க படுத்தீங்க?”

“சமையலறைலங்க. சிலிண்டர் பக்கத்துல. அங்கதான் காலை நீட்ட முடிஞ்சது.”

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. தையல் அக்காவைப் பார்த்து, “இந்த ஒன்பது நாளை நீங்க எழுதாம விட்டிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஏம்மா எழுதினீங்க?” என்றார்.

என்ன சொல்ல வேண்டும் என்று வக்கீலம்மா சொல்லிக் கொடுத்திருந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. “எங்கப்பாவைச் சுமந்தவருக்கு ஒரு வார்த்தை நன்றி சொன்னேனான்னுகூட ஞாபகம் இல்லைங்க. பொய்யும் எழுதிட்டா நல்லா இருக்காதுன்னு தோணிச்சு” என்றாள்.

“அந்த ஒன்பது நாளும் உங்களுக்கு அவர் புருஷனா இருந்தாரா?”

தையல் அக்கா யோசித்துத்தான் சொன்னாள். “எங்கப்பாவுக்கு மருமகனா இருந்தாருங்க. எனக்கு அப்படி இல்லை.”

நீதிபதி கைக்குட்டையை மேசையில் வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். எழுதினார், எழுதினார், பக்கம் திருப்பி எழுதினார். பிறகு வாசித்தார்: நோயில் கிடந்த ஒருவரைக் கவனிக்க வந்து தங்கியதைக் குடும்ப வாழ்க்கை மீண்டும் தொடங்கியதாகக் கொள்ள முடியாது; தாமதத்துக்குக் கூறப்பட்ட காரணம் ஏற்கப்படுகிறது; தீர்ப்பு இன்று முதல் இறுதியாக்கப்படுகிறது. அடுத்த வழக்கின் எண்ணைக் குமாஸ்தா கூப்பிட்டுவிட்டார். தங்கைதான் ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். இல்லையென்றால் அவள் அங்கேயே நின்றிருப்பாள்.

வெளியே தாழ்வாரத்தில் போர்டுக்காரர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். தையல் அக்கா அவர் முன்னால் போய் நின்றாள்.

“அப்பாவுக்கு நீங்க செஞ்சதுக்கு... நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

“அவர் என்கிட்ட நல்லாப் பேசுவார்” என்றார் போர்டுக்காரர். “நாம ரெண்டு பேரும்தான் பேசிக்கத் தெரியாம இருந்துட்டோம்.” கிளம்பப் போனவர் தயங்கி நின்று, இறுதித் தீர்ப்பின் நகல் எடுக்கும்போது தனக்கும் ஒன்று எடுத்து வைக்க முடியுமா, எதற்கும் இருக்கட்டும் என்று கேட்டார். கேட்டுவிட்டு அசடு வழியச் சிரித்தார். யார் அந்தப் பெண் என்று தங்கைக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தையல் அக்கா அவள் கையைக் கிள்ளினாள். வாயைப் பிடுங்கக் கூடாத இடம் அது.

பதினோரு நாளில் நகல் வந்தது. பார்த்தால், அவள் பெயர் அதில் நாலாவது விதமாக இருந்தது. அதைத் திருத்த மறுபடி நீதிமன்றத்துக்கு மூன்று நடை. நகல் எழுதும் குமாஸ்தாவுக்குக் கடைசி நாளில் இவள்மேல் இரக்கம் வந்து, தானே கூட வந்து முத்திரை குத்திக் கொடுத்தார். கெடு முடிய ஒன்பது நாள் பாக்கி இருக்கும்போது, விசா அலுவலகத்துப் பெண் அந்தத் தாளை வாங்கி, ஓரத்தில் பென்சிலால் சரி போட்டாள். “ரொம்ப சந்தோஷம்மா” என்றாள். வேலையைத் தாண்டி ஒரு வார்த்தை அவள் பேசியது அதுதான்.

நேர்காணல் பத்து நிமிடம்கூட நடக்கவில்லை. அதிகாரி கோப்பைப் புரட்டிக்கொண்டே, அவரை எங்கே சந்தித்தீர்கள் என்று கேட்டார். தையல் அக்கா பைஜாமாக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னாள். மாவுக்கட்டு, ஆறு நாடா, கதவு, தாழ்ப்பாள். மொழிபெயர்ப்பாளர் பாதியில் சிரிப்பை அடக்க முடியாமல் நிறுத்த, என்ன ஏது என்று அதிகாரி விழிக்க, அவர் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். அதிகாரியும் சிரித்தார். பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்கிறோம், விசா ஒட்டி ஒரு வாரத்தில் அனுப்புவோம் என்றார்.

துணி அறையில் கடைசி நாளன்று அவள் வழக்கம்போல நாலு மணி வரை தைத்தாள். எலும்பு வார்டிலிருந்து நர்ஸ்கள் இறங்கி வந்தார்கள். சலவைக் கூடத்துக்காரர், அங்கே போய்க் குளிரில் ஊசியைப் பிடிக்கவே வராது என்று பயமுறுத்தினார். கையுறை போட்டுத் தைப்பேன் என்றாள் தையல் அக்கா.

விமான நிலையத்துக்குத் தங்கை மட்டும் வந்தாள். அழக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டு போனார்கள்; இரண்டு பேருமே பேச்சைக் காப்பாற்றவில்லை.

அங்கே போய் முப்பதாம் நாள், ஒரு பதிவு அலுவலகத்தில் இரண்டு சாட்சிகளோடு கல்யாணம் நடந்தது. சாட்சிகள் இருவரும் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவர்கள். பதிவாளர் அவள் பெயரை எழுதி, சரியா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். இப்போது வாரத்தில் நான்கு நாள் ஒரு முதியோர் இல்லத்தில் துணி தைக்கிறாள். அந்த ஊர் மொழியில் நூல், பொத்தான், சீக்கிரம், நாளைக்கு என்ற நான்கு வார்த்தைகளும் முதல் வாரத்திலேயே வந்துவிட்டன. மற்றவை ஒவ்வொன்றாக வருகின்றன. குளிரை வசைபாடினாலும் காலையில் முதலில் எழுந்து சன்னல் திரையை விலக்குவது அவள்தான். சமையற்காரருக்கு மழைநாளில் பழைய முறிவு வலிக்கும். அவர் நொண்டிக்கொண்டு அடுப்பருகே போனால், “உட்காருங்க, நான் பாத்துக்கறேன்” என்கிறாள். அவர் உட்கார மாட்டார். இரண்டு பேருமாக நின்று, யார் உப்புப் போட்டது என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டுச் சாப்பிடுகிறார்கள்.